பதில்: அத்தைக்கு வீடு – ஆளுக்கு ஐயாயிரம்

அனைவருக்கும் வணக்கம்.

அத்தைக்கு வீடு கட்ட ஆளுக்கு ஐயாயிரம் போடலாம் என்று வந்த மடலுக்கு இது என் பதில். போன மாதம் நீலகிரி கூடலூர் போயிருந்தேன். அத்தை இன்னும் தோட்டத் தொழிலாளர்களுக்கான வரிசை வீடான லயத்தில்தான் இருக்கிறார். ஓட்டுக்குக் கீழே கட்டிய தார்ப்பாய் தொப்பை போட்டுத் தொங்குகிறது. காலையில் எழுந்ததும் துடைப்பக் கட்டையால் அதை முட்டி, தேங்கிய தண்ணீரை ஓரமாகத் தள்ளுகிறார். ஓய்வு பெற்றவர் காலி செய்ய வேண்டும் என்று தோட்டத்தில் நெருக்குகிறார்களாம்.

சரி, வீடு கட்டுவோம். எங்கே? கடைக்கார மாமா காட்டிய ஆறு சென்ட் செக்ஷன் 17 நிலம். ஜென்மிகள் என்ற பழைய நிலக்கிழார்களின் உரிமையை ஒழிக்க 1969 ஜென்ம ஒழிப்புச் சட்டம் வந்தும், அதன் 17-ஆம் பிரிவில் யாருக்குச் சொந்தம் என்ற இழுபறி தீராத நிலம். பட்டா இல்லாமல் அரசு வீட்டுத் திட்டத்தில் பெயர் ஏறாது, வங்கி ஏறெடுத்தும் பார்க்காது, கரண்டு வாங்குவதற்குள் தாவு தீர்ந்துவிடும். சுவர் எழுப்பிய பிறகு நோட்டீஸ் ஒட்டினால் யார் பதில் சொல்வது? அப்புறம், நூலகத்துக்கென்று வாங்கிய பணத்தின் கணக்கு என்ன ஆனது? மூன்றாவது முறையாகக் கேட்கிறேன்.

– சார்ஜாவிலிருந்து, மில்லுக்காரர் வீட்டு இளையவன்

*

தம்பி,

பட்டா, பட்டா என்கிறாய். இலங்கைத் தோட்டத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்ப 1964-ல் போட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு தலைமன்னாரில் கப்பலேறி மண்டபம் முகாமில் வந்து இறங்கியபோது என் அப்பாவிடம் என்ன பட்டா இருந்தது? ஒரு டிரங்குப் பெட்டியும் அம்மியும்தான். அம்மியை ஏன் தூக்கி வந்தார் என்று அம்மா சாகும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

கூடலூர் மரவெட்டில் தொடங்கிய கோதாவர்மன் வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் மரம் வெட்டத் தடை போட்டதே, நினைவிருக்கிறதா? தடிலாரிகள் நின்று, உங்கள் மில்லில் ரம்பச் சத்தம் அடங்கி, டீக்கடை பெஞ்சுகூடக் காலியாகக் கிடந்தது. அன்று உன் வீட்டுக்கு ஆறு மாதம் கடனுக்கு அரிசி அளந்தது அதே கடைக்கார மாமா. அவர் காட்டிய இடத்தைச் சபையில் வைத்து இப்படிப் பேசலாமா? ஊர் சிரிக்காதா?

– டொராண்டோ பெரியண்ணன்

*

பெரியண்ணனுக்கும் தம்பிக்கும்,

இரண்டு பேரில் யாராவது அத்தையிடம் கேட்டீர்களா? நேற்றுப் பேசினேன். மாமா காட்டிய இடத்தில் யானை இறங்குமாம், ராத்திரி அவசரத்துக்கு வெளியே போக முடியாது, வேண்டாம் என்கிறார். பந்தலூரில் மகள் வீட்டுக்குப் பின்னால் ஓர் அறையும் கக்கூஸும் போட்டுத் தந்தால் போதுமாம். அங்கே பட்டா இருக்கிறதா என்று தம்பி கேட்பான். இருக்கிறது, நகலை இணைத்திருக்கிறேன்.

நூலகக் கணக்கு என்னிடம் இல்லை. பெரியண்ணன்தான் மாமாவிடம் கேட்டு வாங்கித் தர வேண்டும்.

– மஸ்கட் அக்கா