மூன்றாவது டார்ட் மட்டும் 5-க்குள் போகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். ஸ்டீல் டிப் (உலோக முனை) டார்ட்ஸ், வலது கை. ட்ரெபிள் 20-க்கு (20 எண் பகுதியில் மூன்று மடங்கு புள்ளி தரும் சிறு கட்டம்) குறிவைத்தால் முதல் இரண்டும் அதைச் சுற்றியே நிற்கின்றன. மூன்றாவது இடப்பக்கம் இழுத்துக்கொண்டு பக்கத்து 5 எண் பகுதியில் விழுகிறது. ஆறு வாரமாக இதே கதை. நேற்று 20 சுற்றில் 13 முறை.

டார்ட் 23 கிராம், 90% டங்ஸ்டன், நேர் பேரல் (பிடிக்கும் உலோகப் பகுதி), மீடியம் ஸ்டெம் (பின்தண்டு), ஸ்டாண்டர்ட் ஃப்ளைட் (வால் இறகு). வீட்டுக் கூடத்தில் போர்டு. புல் (போர்டின் நடுவட்டம்) மையம் 1.73 மீட்டர் உயரம், எறியும் கோடு போர்டிலிருந்து 2.37 மீட்டர். நடுவட்டத்திலிருந்து கோடு வரை மூலைவிட்டம் 2.93 மீட்டர் வருகிறது, அளவில் பிழை இல்லை. மின்விசிறியை நிறுத்தியும் மாற்றமில்லை.

ஸ்லிம் ஃப்ளைட் போட்டேன்: வால் ஆடியது, இழுப்பு போகவில்லை. ஷார்ட் ஸ்டெம்மும் அப்படியே. கோட்டில் வலப்பக்கம் 5 செ.மீ. நகர்ந்து நின்றால் முதல் இரண்டும் கெட்டன, அதனால் விட்டுவிட்டேன்.

ஸ்லோ மோஷன் காணொளியில் இரண்டு விஷயம் தெரிகிறது. மூன்றாவதை விடும்போது முழங்கை 2, 3 செ.மீ. இறங்குகிறது, விட்டபின் விரல்கள் போர்டை நோக்கி நீளாமல் இடது தோள் பக்கம் மடிகின்றன. பிடியிலும் சந்தேகம் உண்டு: இடது கையிலிருந்து கடைசி டார்ட்டை எடுக்கையில் கட்டைவிரல் பேரலின் பின்பகுதியில் அமர்கிறது. முதல் இரண்டில் அது நடுவில், எடை சமனாகும் இடத்திலேயே இருக்கிறது.

கட்டைவிரல் இடத்தை முதலில் சரிசெய்வதா, முழங்கை இறங்குவதையா?