வாடகையை நம்பி வாங்கும் வீடு

தம்பி: எல்லாருக்கும் ஒரு செய்தி. வாடகைக்கு விடுவதற்காக ஒரு வீடு பார்த்திருக்கிறேன். இரண்டு படுக்கையறை, இரண்டாவது மாடி. விலையில் 80 சதவீதம் வங்கிக் கடன் கிடைக்கும். தவணையில் கிட்டத்தட்ட பாதி வாடகையிலேயே வந்துவிடும். நாளை முன்பணம் கொடுக்கலாம் என்று இருக்கிறேன்.

சித்தி: ரொம்ப சந்தோஷம் கண்ணா.

அக்கா: நாளைக்கே வேண்டாம்டா. முதலில் ஒன்று சொல். வீட்டு விலை மாத வாடகையைப் போல எத்தனை மடங்கு?

தம்பி: 300 மடங்கு வருகிறது அக்கா.

அக்கா: சரி, ஆண்டுக்கு 12 மாத வாடகை என்றால் விலையில் 4 சதவீதம். ஆள் மாறும்போது ஒரு மாதம் காலியாக இருக்கும் என்று வைத்துக்கொள், 11 மாதம்தான் வரும். பழுது பார்க்க விலையில் 1 சதவீதமாவது ஆண்டுதோறும் ஒதுக்கி வை. அப்புறம் சொத்து வரி, காப்பீடு, குடியிருப்போர் சங்கக் கட்டணம். கடைசியில் இரண்டரை சதவீதம் நின்றாலே பெரிது. கடனுக்கு வட்டி எவ்வளவு?

தம்பி: 9 சதவீதம். கடன் 20 வருடத்துக்கு.

மாமா: வீட்டு விலை ஏறுமே, அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டாமா?

அக்கா: ஏறினால் நல்லதுதான் மாமா. ஆனால் 100 ரூபாயில் 20 இவன் பணம், 80 கடன். விலை 10 சதவீதம் இறங்கினால் இவன் போட்டதில் பாதி போய்விடும், கடன் அப்படியே நிற்கும். பணமுடை வந்தால் ஒரு அறையை மட்டும் விற்கவும் முடியாது.

நான்: இப்போதுதான் தவணைக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். 9 சதவீதம், 20 வருடம் என்றால் முதல் தவணையில் 83 சதவீதம் வட்டிக்கே போகிறது. 14 வருடம் கட்டி முடித்த பிறகும் அசலில் பாதி பாக்கி இருக்கும். ஆனால் ஆண்டுக்கு ஒரு தவணை கூடுதலாக அசலில் கட்டினால் கடன் ஏறக்குறைய மூன்றரை வருடம் முன்பே முடிந்துவிடும். முன்கூட்டிக் கட்டினால் அபராதம் உண்டா என்று வங்கியில் கேட்டுக்கொள்.

தம்பி: பாதி பாக்கியா? இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை அண்ணா.

அக்கா: நான் செய்த தவறையும் கேள். என் வீட்டை வெயில் காலத்தில் போய்ப் பார்த்தேன். புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தார்கள், பளிச்சென்று இருந்தது. முதல் மழையிலேயே படுக்கையறைச் சுவரில் ஈரம் படர்ந்தது. மேல் வீட்டுக் குளியலறையிலும் கசிவு. மேல் வீட்டுக்காரர் தன் வீட்டிலிருந்து வரவில்லை என்றார், சங்கத்தில் உங்களுக்குள் பேசிக்கொள்ளுங்கள் என்றார்கள். குடியிருந்தவர்களின் குழந்தைக்கு மூச்சிரைப்பு வந்தது, காலி செய்துவிட்டார்கள். அவர்கள் செய்தது சரிதான். நான்கு மாதம் வாடகை இல்லை, தவணை மட்டும் மாதம் தவறாமல் போனது. ஆறு மாதத் தவணையைத் தனியே எடுத்து வைத்திருந்ததால்தான் தப்பித்தேன். அந்தப் பணம் உன்னிடம் இருக்கிறதா?

தம்பி: முன்பணத்துக்கும் பதிவுச் செலவுக்கும் எல்லாமே போய்விடும்.

அக்கா: அப்படியானால் இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டு வாங்கு. கோபப்படாதே, உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன்.

தம்பி: கோபம் இல்லை அக்கா. தரகர்தான் வேறொருவர் கையில் பணத்தோடு நிற்கிறார் என்று அவசரப்படுத்துகிறார்.

மாமா: நிற்கட்டும் மாப்பிள்ளை. நீ மழை பெய்த மறுநாள் போய்ப் பார். ஒரு மூலையில் மட்டும் பெயின்ட் புதிதாக இருந்தால் ஏன் என்று கேள். எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்து தண்ணீர் எப்படி வருகிறது என்று பார். தரையில் பதித்த டைல்ஸைத் தட்டிப் பார், வெற்றொலி கேட்டால் அடியில் பிடிப்பு இல்லை.

சித்தி: பத்திரத்தை விற்பவருடைய வக்கீலிடம் காட்டாதே கண்ணா. நீயே ஒருவரைப் பார்த்துக் காட்டு. வீட்டின் மேல் கடன், வழக்கு, பங்காளி உரிமை ஏதாவது இருக்கிறதா என்று அவர் எழுதித் தரட்டும்.

நான்: சங்கத்தின் கணக்கையும் கேள். லிப்ட் மாற்றவோ மொட்டை மாடியில் நீர்க்காப்பு வேலை செய்யவோ நிதி இல்லை என்றால், நீ வீட்டை வாங்கிய மறு மாதமே உன் பங்கைக் கேட்பார்கள்.

அக்கா: வாடகைக்கு ஆள் வைக்கும்போது ஒவ்வொரு அறையையும் படம் எடுத்து, மின் அளவியின் எண்ணையும் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். அவர்கள் காலி செய்து, கொடுத்த முன்தொகையைத் திருப்பும்போது சண்டை வராது. குழாய் ஒழுகுகிறது என்று சொன்னால் அன்றைக்கே ஆள் அனுப்பு. நல்ல குடித்தனக்காரர் ஐந்து வருடம் இருப்பார், அவரை இழந்துவிடாதே.

தம்பி: தரகரிடம் பேசிவிட்டேன். மூன்று வாரம் டைம் கேட்டிருக்கிறேன். அதற்குள் போனால் போகட்டும். இன்று இரவு மழை வரும் போல இருக்கிறது, நாளை காலை போய்ப் பார்க்கிறேன்.

மாமா: நானும் வருகிறேன். டார்ச் எடுத்துக்கொள், சமையலறைத் தொட்டிக்கு அடியில் பார்க்க வேண்டும்.

அக்கா: மேல் வீட்டுக் கதவையும் தட்டிப் பேசிவிட்டு வாருங்கள்.