எட்டு ஆண்டு கோவை வேலையை விட்டு ஓசூருக்குப் போகலாமா?

அளவுகோல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்தவன்; வயது 29. கோவையில் பம்பு உதிரிபாகங்களைக் கடைசல் செய்து தரும் ஒரு நிறுவனத்தின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் எட்டு ஆண்டு ஐந்து மாதங்களாக வேலை பார்க்கிறேன். மொத்தச் சம்பளம் 20,500 ரூபாய். அதில் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 13,000. சென்ற வாரம் ஓசூரில் வாகன உதிரிபாகம் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் நேர்காணலுக்குப் போய்வந்தேன். மேசை மேல் ஓர் அலுமினிய வார்ப்பையும் அதன் டிராயிங்கையும் வைத்து, "இதை எங்கிருந்து அளக்கத் தொடங்குவீர்கள்?" என்று கேட்டார்கள். டேட்டம், அதாவது மற்ற அளவுகளுக்கெல்லாம் அடிப்படையான பரப்பு, எது என்று முதலில் காட்டிவிட்டு, மூன்று துளைகளின் பொசிஷனை அதிலிருந்து எப்படி எடுப்பேன் என்று சொன்னேன். மறுநாளே மாதம் 31,000 ரூபாய் சிடிசி (எனக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு) என்று மின்னஞ்சல் வந்தது. உதிரிபாகத்தின் அளவுகளை முப்பரிமாணத்தில் எடுக்கும் சிஎம்எம் இயந்திரத்தில் வேலை தருவதாகவும் நேர்காணலில் சொன்னார்கள்.

இங்கே நான் ஷிப்ட் முழுவதும் போர் கேஜும் மைக்ரோமீட்டரும் பிடித்துத் துளை விட்டம் பார்க்கிறேன். சிஎம்எம் இருக்கும் ஏசி அறைக்கு உதிரிபாகத்தைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, கதவுக்கு வெளியே நின்று ரிப்போர்ட் வாங்கி வருவதோடு என் பங்கு முடிந்துவிடுகிறது. நான்கு ஆண்டுகளாகக் கேட்டும் "பார்க்கலாம்" என்பதற்கு மேல் பதில் இல்லை. ஆனால் அம்மாவுக்குச் சர்க்கரை நோயும் சிறுநீரகக் கோளாறும் உண்டு. மாதந்தோறும் பரிசோதனையும் மருந்தும் சிங்காநல்லூர் இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீட்டு) மருத்துவமனையில்தான். ஓசூர் சம்பளத்துக்கு இஎஸ்ஐ கிடையாது. போகலாமா, இருக்கலாமா என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டும்.

வார்ப்புக்காரர் எழுதியது:

தம்பி, நான் 26 ஆண்டுகளாகக் கோவை பவுண்டரிகளில் இருப்பவன். போக வேண்டாம் என்றுதான் சொல்வேன், காரணங்களையும் சொல்லிவிடுகிறேன். வாகனத் தொழிலில் ஆர்டர் ஏறும்போது ஆள் எடுப்பார்கள், இறங்கும்போது கடைசியாகச் சேர்ந்தவனைத்தான் முதலில் அனுப்புவார்கள். 2019-இல் வாகன விற்பனை படுத்தபோது, ஓசூருக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் போயிருந்த எங்கள் பகுதிப் பையன்கள் பெட்டியோடு திரும்பி வந்ததை நான் பார்த்திருக்கிறேன். எட்டு ஆண்டு இருந்த இடத்தில் உனக்கு இருக்கும் மதிப்பு, ஆறு மாத தகுதிகாண் காலத்தில் இருப்பவனுக்கு இருக்காது. பி.எஃப். பென்ஷனுக்குப் பத்து ஆண்டு வேண்டும்; எட்டில் விட்டால் அது போய்விடும். கிராஜுவிட்டியும் (பணிக்கொடை) மறுபடி முதலிலிருந்துதான் தொடங்கும்.

டிப்ளமோகாரன் மேலே வருவதற்கு இந்த ஊரிலேயே வழி இருக்கிறது. பீளமேட்டுக் கல்லூரிகளில் வேலை பார்த்துக்கொண்டே மாலை நேரத்தில் பகுதிநேர பி.இ. படிக்கலாம், மூன்றரை ஆண்டு. நானும் அப்படித்தான் படித்தேன். முதல் ஷிப்ட் முடிந்து, கையில் ஒட்டிய கருமணலை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டு, உலைச் சூடு முகத்தில் இருக்கும்போதே வகுப்பில் போய் உட்காருவேன். அந்தப் பட்டம் வந்த பிறகுதான் சூப்பர்வைசர் என்ற நாற்காலி எனக்குக் கிடைத்தது. அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதைச் செய்.

ஓசூர்வாசி எழுதியது:

வார்ப்புக்கார ஐயாவின் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் அவர் சொல்லும் கணக்கு ஒரு தலைமுறைக்கு முந்தையது. நான் பதினொரு ஆண்டுகளில் நான்கு நிறுவனங்கள் மாறியவன், மூன்றாவது மாற்றத்தில்தான் சிஎம்எம் புரோகிராம் எழுதக் கற்றேன். வாகன உதிரிபாகத் தொழிலில் ஐஏடிஎஃப் 16949 தரமுறைப்படி வேலை நடக்கும். ஒரு புது உதிரிபாகம் வாடிக்கையாளரிடம் போவதற்கு முன்னால் அவர் ஒப்புதலுக்கான பிபிஏபி கோப்பு தயாராக வேண்டும். அதில் அளவு ரிப்போர்ட், கண்ட்ரோல் பிளான், அளவுக்கருவியின் பிழை எவ்வளவு என்று காட்டும் எம்எஸ்ஏ ஆய்வு எல்லாம் இருக்கும். இரண்டு ஆண்டு அந்தக் கோப்புகளைக் கையால் தயாரித்தவர் கோவைக்கே திரும்பி வந்தாலும், போர் கேஜ் பிடித்தவராக இல்லாமல் அளவியல் பொறுப்பாளராக வருவார்.

நண்பரே, நேர்காணலில் டேட்டத்தை முதலில் காட்டினீர்களே, அதைச் சொல்லத் தெரிந்தவரை எட்டு ஆண்டுகளாக அந்த அறைக் கதவுக்கு வெளியே நிற்க வைத்திருக்கிறார்கள். நான்கு ஆண்டுகளாகச் சொல்லிவரும் "பார்க்கலாம்" ஐந்தாம் ஆண்டில் மட்டும் எப்படி மாறும் என்பதை ஐயா சொல்ல வேண்டும்.

சம்பளப்பிரிவு எழுதியது:

நான் ஒரு தொழிற்சாலையில் சம்பளப் பட்டுவாடாவும் பணியாளர் ஆவணங்களும் பார்க்கிறேன். போவதா இருப்பதா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள் தம்பி. தவறான கணக்கை வைத்து மட்டும் முடிவு செய்துவிட வேண்டாம்.

வார்ப்புக்கார ஐயா சொன்னதில் இரண்டு திருத்தங்கள் உண்டு. பென்ஷனுக்குப் பத்து ஆண்டு சேவை வேண்டும் என்பது சரி. ஆனால் அது ஒரே நிறுவனத்தில் இருக்க வேண்டியதில்லை. உங்கள் பி.எஃப்.-க்கான யுஏஎன் எண் அதேதான். பழைய கணக்கைப் புது நிறுவனத்துக்கு மாற்றிக்கொண்டால் எட்டு ஆண்டுகளோடு அடுத்த ஆண்டுகளும் சேர்ந்துகொள்ளும். வேலை மாறும்போது கைச்செலவுக்கு என்று பென்ஷன் பணத்தையும் சேர்த்து எடுத்துவிடுகிறவர்கள்தான் அந்தச் சேவையை இழக்கிறார்கள். கிராஜுவிட்டியும் போய்விடாது. ஐந்து ஆண்டு தாண்டியதால் அது உங்களுக்குச் சேர வேண்டிய பணம். 13,000-ஐ 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் ஓர் ஆண்டுக்கு 7,500 ரூபாய். கடைசி ஆண்டில் ஆறு மாதத்துக்கு மேல் வேலை பார்த்திருந்தால் அதை முழு ஆண்டாகக் கணக்கிட வேண்டும் என்பது சட்டம். உங்களுக்கு இப்போது எட்டு ஆண்டு ஐந்து மாதம். 60 நாள் நோட்டீஸ் என்றால் அதை முழுவதும் பார்த்துவிட்டு விலகும்போது ஒன்பது ஆண்டுக்கு 67,500 ரூபாய் வர வேண்டும். நோட்டீஸுக்குப் பணம் கட்டிவிட்டு உடனே கிளம்பினால் அதில் 7,500 குறையும்.

அடுத்தது அந்த 31,000. சிடிசி என்பது கைக்கு வரும் சம்பளம் அல்ல என்பதை எத்தனை முறை சொன்னாலும் போதாது. அடிப்படைச் சம்பளம் 15,500 என்று வைத்துக்கொண்டால், நிறுவனம் கட்டும் பி.எஃப். 1,800, கிராஜுவிட்டிக்கு ஒதுக்கும் 745, மருத்துவக் காப்பீட்டுக்கு ஒரு 455 என்று 3,000 ரூபாய் முதலிலேயே கழிந்துவிடும். மீதி 28,000-இல் உங்கள் பங்கு பி.எஃப். 1,800 போக 26,200. இப்போது 20,500-இல் பி.எஃப். 1,560-உம் இஎஸ்ஐ 154-உம் போக 18,786 வாங்குகிறீர்கள். தொழில் வரியை இரண்டு பக்கமும் விட்டுவிட்டால் கையில் கூடுவது 7,414 ரூபாய்தான். ஓசூரில் அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் என்ன ஆகும் என்பதை ஓசூர்வாசிதான் சொல்ல வேண்டும்.

வார்ப்புக்காரர் எழுதியது:

பென்ஷன் விஷயத்தில் நான் தவறாக எழுதிவிட்டேன். சகோதரி திருத்தியதற்கு நன்றி. ஆனால் அவர் போட்ட கணக்கே என் பக்கம்தான் நிற்கிறது. 7,414 ரூபாய் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் போய்விட்டால், சேலம், தருமபுரி வழியாக ஐந்தாறு மணி நேரம் பேருந்தில் வந்து மாதம் ஒருமுறை அம்மாவைப் பார்ப்பதற்கு எந்தப் பணம் மிஞ்சும்? அதோடு இஎஸ்ஐயும் இல்லை. ஒரு தாயின் மருந்தைப் பறித்துக்கொடுத்து வாங்கும் அனுபவம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

இன்னொன்று. சிஎம்எம் வேலை என்று வாயால்தானே சொன்னார்கள்? பணி நியமன ஆர்டரில் "தர ஆய்வாளர்" என்று மட்டும் போட்டு, போய்ச் சேர்ந்த அன்றே ஃபைனல் இன்ஸ்பெக்ஷன் மேசையில் உட்கார வைத்தால் இவர் யாரிடம் போய்க் கேட்பார்? அங்கும் கேஜ்தான் பிடிக்க வேண்டும் என்றால், அதைக் கோவையிலேயே பிடிக்கலாமே.

ஓசூர்வாசி எழுதியது:

ஐயாவின் கடைசிக் கேள்வி சரியானது. அதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். என் இரண்டாவது நிறுவனத்தில் எனக்கே அப்படி நடந்தது. பிரிவின் பெயர் ஆர்டரில் இல்லாததால் பதினான்கு மாதங்கள் பேக்கிங் பக்கத்து மேசையில் லேபிள் சரிபார்த்தேன். ஆகவே நண்பரே, ஆர்டரில் அளவியல் ஆய்வகம் என்று எழுதி வாங்காமல் ராஜினாமாக் கடிதம் கொடுக்காதீர்கள்.

பணத்தைப் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். இருவரோடு அறையைப் பகிர்ந்துகொண்டு, கேண்டீன் சாப்பாட்டோடு சமாளித்தாலும் மாதம் 6,500 முதல் 7,000 வரை ஆகும். முதல் ஆண்டில் உங்கள் கையில் ஒன்றும் கூடாது. கூடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நான் போகச் சொல்வது அந்த 7,414-க்காக அல்ல. 29 வயதில் கற்காத வேலையை 36 வயதில் கற்றுத்தர எந்த நிறுவனமும் ஆள் ஒதுக்காது என்பதற்காகச் சொல்கிறேன். பகுதிநேரப் பட்டத்தையும் நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் பட்டம் வந்த பிறகும் அந்த ஏசி அறைக்குள் விட மாட்டோம் என்றால் என்ன செய்வது?

சம்பளப்பிரிவு எழுதியது:

இஎஸ்ஐ பற்றி இருவரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். அதன் சம்பள உச்சவரம்பு 2017 முதல் 21,000 ரூபாய். தம்பி இருக்கும் இடம் 20,500. அடுத்த இன்கிரிமெண்டில் 600 ரூபாய் ஏற்றினால்கூட, அந்தப் பங்களிப்புக் காலம் முடியும் வரை, அதாவது செப்டம்பர் 30 அல்லது மார்ச் 31 வரைதான் இஎஸ்ஐ பிடித்தம் தொடரும். உச்சவரம்பை அரசு உயர்த்தாத வரை, கோவையிலேயே இருந்தாலும் அம்மாவின் இஎஸ்ஐ அட்டை இன்னும் ஒரு சம்பள உயர்வுக்குத்தான் தாங்கும். எங்கள் தொழிற்சாலையில் இதற்குப் பயந்து, "எனக்கு ஏற்ற வேண்டாம்" என்று எழுதிக்கொடுக்க வந்த ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். அவர் மகளுக்கு இதய சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. அந்தத் தாளை வாங்கிக்கொள்ள எனக்குக் கை வரவில்லை.

ஆகவே அம்மாவின் மருத்துவத்துக்கு மாற்று ஏற்பாட்டை, போனாலும் இருந்தாலும், இப்போதே தொடங்க வேண்டும். ஓசூர் நிறுவனத்தின் குழுக் காப்பீட்டில் பெற்றோர் சேருவார்களா, ஏற்கெனவே உள்ள நோய்க்கு முதல் நாளிலிருந்தே பாதுகாப்பு உண்டா என்று மின்னஞ்சலில் கேளுங்கள். ஆனால் குழுக் காப்பீடு பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்ந்தால்தான் உதவும். மாதாந்திர மருந்துக்கு உதவாது. அதற்குக் கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டமும் 2021 முதல் நடக்கிறது.

அளவுகோல் எழுதியது:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும். ஐயா சந்தேகப்பட்டது போலவே முதல் ஆர்டரில் "தர ஆய்வாளர்" என்றுதான் இருந்தது. பிரிவைக் குறிப்பிட வேண்டும் என்று எழுதினேன். மூன்று நாள் பதில் இல்லை. கைவிட்டுப் போயிற்று என்றே நினைத்தேன். நான்காம் நாள் "அளவியல் ஆய்வகம், ஆறு மாத தகுதிகாண் காலம்" என்று திருத்தி அனுப்பினார்கள். அக்கா சொன்ன 26,200-க்கு 150 ரூபாய் குறைவாகவே கைக்கு வருகிறது. அம்மாவைக் காப்பீட்டில் சேர்க்கலாம், பிரீமியத்தை என் சம்பளத்தில் பிடிப்பார்கள்.

அதற்கு முன்னால் ஐயாவின் பேச்சையும் மதித்து இங்கே மேலாளரிடம் போனேன். ஓசூர் என்றோ ஆர்டர் என்றோ வாய் திறக்கவில்லை. சிஎம்எம் பழக ஒரு நாளில் ஒரு மணி நேரம், ஷிப்ட் முடிந்த பிறகு என் சொந்த நேரத்தில், அனுமதி தரும்படி மட்டும் கேட்டேன். "அந்த மெஷினுக்கு ஆள் இருக்கிறதே, உனக்கு எதற்கு?" என்றார். "பார்க்கலாம்" என்று சொல்லியிருந்தால் ஒருவேளை இன்னும் ஓர் ஆண்டு இருந்திருப்பேன்.

வரும் ஒன்றாம் தேதி கடிதம் கொடுக்கிறேன். சூலூரில் இருக்கும் என் அக்காள் அம்மாவை அழைத்துக்கொள்கிறாள். நோட்டீஸ் முடிவதற்குள் இஎஸ்ஐ மருத்துவமனையில் அம்மாவின் எல்லாப் பரிசோதனைகளையும் எடுத்து, பழைய ரிப்போர்ட்டுகளையும் சேர்த்து ஒரே கோப்பாக்கி, அரசு மருத்துவமனையில் ஒருமுறை காட்டிவிட்டுத்தான் கிளம்புவேன்.

வார்ப்புக்காரர் எழுதியது:

என் கருத்தில் மாற்றம் இல்லை தம்பி. வாகனத் தொழிலின் ஏற்ற இறக்கத்தைப் பற்றி நான் சொன்னதை மறந்துவிடாதே, ஆறு மாதச் செலவுக்கான பணத்தைக் கிராஜுவிட்டியிலிருந்து தனியாக எடுத்து வை. ஆனால் "உனக்கு எதற்கு?" என்று கேட்ட இடத்தில் இரு என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. என்னிடம் ஒரு பையன் சொந்த நேரத்தில் கற்றுக்கொள்கிறேன் என்று வந்து நின்றிருந்தால், நானே கூட நின்று காட்டியிருப்பேன்.

கிளம்புகிறவர்கள் எல்லோரும் விட்டுவிட்டுப் போகும் ஒன்றைச் சொல்கிறேன். தீபாவளிக்கு முன்பே விலகினால் போனஸ் இல்லை என்று கணக்குப்பிள்ளை சொல்லக்கூடும். கணக்கு ஆண்டில் 30 நாள் வேலை பார்த்திருந்தாலே வேலை பார்த்த நாட்களுக்கு உரிய போனஸ் உண்டு. கடைசி நாள் கணக்கு முடிக்கும்போது எழுத்தில் கேட்டு, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையோடு ஒரு நகல் வாங்கிக்கொள்.