மூடிய அலமாரிக்குள் ஆம்ப்ளிஃபயர்: ரிமோட் சமிக்ஞையை உள்ளே கொண்டுசெல்வது எப்படி?

கேள்வி

ஆம்ப்ளிஃபயரை மரக் கதவுள்ள அலமாரிக்குள் வைத்திருப்பதால், ரிமோட்டைப் பயன்படுத்த ஒவ்வொரு முறையும் கதவைத் திறக்க வேண்டியிருக்கிறது. எனவே மூன்று கால் கொண்ட 38 கிலோஹெர்ட்ஸ் அகச்சிவப்பு ரிசீவர் ஒன்றைக் கதவுக்கு வெளியே பொருத்தி, அதன் வெளியீட்டை ஒரு என்.பி.என். டிரான்சிஸ்டர் வழியாக உள்ளே உள்ள அகச்சிவப்பு எல்.இ.டி.க்குக் கொடுத்தேன். ஆம்ப்ளிஃபயர் எதற்கும் அசையவில்லை. செல்பேசி கேமராவில் பார்த்தால் எல்.இ.டி. எந்நேரமும் வெளிர் ஊதாவாக ஒளிர்கிறது. பொத்தானை அழுத்தும்போது மட்டும் அந்த ஒளி சற்றே நடுங்குகிறது. எங்கே தவறு?

பதில் 1

கேமராவில் நீங்கள் கண்டதிலேயே பாதி விடை இருக்கிறது. அந்த ரிசீவரின் வெளியீடு சும்மா இருக்கும்போது உயர்நிலையிலும், சமிக்ஞை வரும்போது தாழ்நிலையிலும் இருக்கும். ஆகவே உங்கள் எல்.இ.டி. தலைகீழாக எரிகிறது.

மீதிப் பாதிதான் முக்கியமானது. வெயிலும் விளக்கும் கூட அகச்சிவப்பை உமிழ்வதால், அவற்றிலிருந்து தன் ஒளியைப் பிரித்துக் காட்ட ரிமோட் அதை நொடிக்கு ஏறத்தாழ 38,000 முறை அணைத்து ஏற்றுகிறது. பரவலாக வழங்கும் என்.இ.சி. என்ற ரிமோட் குறியீட்டு முறையில் 9 மில்லிவிநாடித் துடிப்பும் 4.5 மில்லிவிநாடி இடைவெளியும் முன்னே வர, அவற்றைத் தொடர்ந்து 32 பிட்கள் வருகின்றன. ஒவ்வொரு துடிப்பும் 0.56 மில்லிவிநாடிதான், அதற்குப் பின்வரும் இடைவெளி 0.56 ஆக இருந்தால் சுழியம், சுமார் 1.69 ஆக இருந்தால் ஒன்று. கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும் அந்தச் சிறு துடிப்புக்குள்ளும் ஊர்தி அலையின், அதாவது அந்த 38 கிலோஹெர்ட்ஸ் அணைத்தேற்றலின், 21 சுற்றுகள் அடங்கியிருக்கின்றன என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. ரிசீவர் அந்தச் சுற்றுகளை வடித்துவிட்டு, துடிப்பின் வடிவத்தை மட்டுமே வெளியே தருகிறது. அதை அப்படியே எல்.இ.டி.க்குக் கொடுத்தால், ஆம்ப்ளிஃபயரின் ரிசீவருக்கு அது வெறும் வெளிச்சம்தான்.

ஆகவே மறுபடியும் பண்பேற்றம் செய்ய வேண்டும், அதாவது துடிப்பை 38 கிலோஹெர்ட்ஸ் அலையில் மீண்டும் ஏற்ற வேண்டும். 555 என்ற டைமர் ஐ.சி. ஒன்றை 38 கிலோஹெர்ட்ஸில் அலையவைத்து, அதன் வெளியீட்டால் எல்.இ.டி.யை எரியவிட்டு, உங்களிடம் உள்ள டிரான்சிஸ்டரின் கலெக்டரை 555-இன் 4-ஆம் காலுடன் (தாழ்நிலையில் இருந்தால் ஐ.சி.யை நிறுத்திவைக்கும் ரீசெட் கால்) இணையுங்கள். அந்தக் காலுக்கு மின்வழங்கியிலிருந்து 10 கிலோ ஓம் மின்தடை ஒன்றும் வேண்டும். துடிப்பு வரும்போது மட்டும் 555 இயங்கும். தலைகீழ்ச் சிக்கலும் அதிலேயே தீரும்.

பதில் 2

எல்லா ரிமோட்டுகளும் 38 அல்ல. சோனி 40 கிலோஹெர்ட்ஸையும், பிலிப்ஸின் ஆர்.சி.-5 முறை 36-ஐயும் பயன்படுத்துகின்றன. 38-க்கான ரிசீவர் இவற்றையும் பிடிக்கும், தூரம் மட்டும் குறையும். அலமாரிக்குள் சில சென்டிமீட்டர்தான் என்பதால் கவலை வேண்டாம்.

கேட்டவர்

555 இணைத்தபின் ஒலியளவு மாறுகிறது, ஆனால் சில வேளைகளில் மட்டுமே. விரலை எடுத்த பிறகும் எல்.இ.டி. சிறிது நேரம் துடிக்கிறது. கதவிடுக்கைக் கறுப்பு பிளாஸ்டிக்கால் மூடித்தான் இருக்கிறேன்.

பதில் 1

உள்ளே உள்ள எல்.இ.டி.யின் ஒளியை வெளியே உள்ள ரிசீவர் மீண்டும் பிடிக்கிறது. கண்ணுக்குக் கறுப்பாகத் தெரியும் பிளாஸ்டிக் பலவும் அகச்சிவப்பைத் தாராளமாக விடும். கருவிகளின் ரிமோட் சாளரமே அப்படிப்பட்டதுதான். எல்.இ.டி.யை ஆம்ப்ளிஃபயரின் அந்தச் சாளரத்தின் மேல் ஒட்டி, அலுமினியத் தாளால் மூடுங்கள். அதன் முனைகள் கம்பிகளில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேட்டவர்

தாளால் மூடியதும் சரியாகிவிட்டது. கதவு மூடியபடியே எல்லாப் பொத்தான்களும் வேலை செய்கின்றன. மிக்க நன்றி.