குதிரேமுக், ஆகும்பே, கபினி, வால்பாறை நாலையும் ஒரே ட்ரிப்ல பாக்க முடியுமா? பெங்களூர்ல இருந்து கிளம்புறோம்

அல்சூர்_வாசி:

எல்லாருக்கும் வணக்கம். நவம்பர் கடைசியில ஒரு வியாழக்கிழமை ராத்திரி கிளம்பி திங்கக்கிழமை ராத்திரிக்குள்ள வீடு வந்து சேரணும், நான், மிஸஸ், அப்புறம் எங்க அக்கா பையன், மூணு பேர், சொந்தக் கார். பையனுக்கு 14 வயசு, மதுரையில ஒன்பதாவது படிக்கிறான், பாம்பு பறவைன்னா அவனுக்கு சோறு தண்ணி வேண்டாம். நாங்க லால்பாக் தவிர பெருசா எங்கயும் கூட்டிட்டுப் போனதில்ல, இந்த தடவை நிஜமான மழைக்காடு, ஒரு நல்ல மலை ஏத்தம், கொஞ்சம் யானை புலி மூணையும் காட்டணும்னு நெனைக்கிறேன். பிளான் இதுதான்: குதிரேமுக் ட்ரெக், ஆகும்பே, திரும்பி கபினி சஃபாரி, அங்கிருந்து வால்பாறை. மேப்ல பாத்தா ஓட்டிரலாம்னு தோணுது. போனவங்க சொல்லுங்க. பையன் கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான், ராஜநாகம் பாக்க முடியுமான்னு.

மலைநாட்டு_மழை:

சார், மேப்ல ஓட்டிரலாம், ஆனா நீங்க பாக்கப்போறது ரோடு மட்டும்தான். ஆகும்பே ஷிமோகா பக்கம் வடமேற்குல இருக்கு, வால்பாறை பொள்ளாச்சிக்கு மேல தெக்கால இருக்கு, நடுவுல கபினின்னா பையன் பின் சீட்ல தூங்கிட்டே வருவான். கபினியை இப்பவே எடுத்துருங்க. அது மழைக்காடு இல்ல, இலையுதிர் காடு, அங்க கூட்டம் கூட்டமா யானை பாக்கணும்னா ஏப்ரல் மே மாசம் டேம் தண்ணி வத்தி புல்லு முளைச்சு கிடக்கும்போதுதான் போகணும். நவம்பர்ல காடு பூரா தண்ணி இருக்கும், மிருகம் எதுக்கு ஆத்தங்கரைக்கு வரப்போகுது.

குதிரேமுக், ஆகும்பே ரெண்டும் இருக்கற மலைநாடு மட்டும் வெச்சுக்கங்க. வியாழன் ராத்திரி கிளம்பி ஹாசன், பேலூர், மூடிகெரே, கொட்டிகெஹாரா வழியா குதிரேமுக் பக்கத்துல இருக்கற களசா ஊரு. வெள்ளிக்கிழமை ஹோம்ஸ்டேல நல்லா ரெஸ்ட், சனிக்கிழமை காலங்காத்தால முள்ளோடி கிராமத்துல இருந்து குதிரேமுக் ஏத்தம். உச்சி சுமார் 1,890 மீட்டர், போக வர 20 கிலோமீட்டர் பக்கம் வரும், இருட்டறதுக்குள்ள இறங்கியாகணும், மேல டென்ட் போட விடமாட்டாங்க. வழியெல்லாம் ஒரு மடிப்பு சோலைக்காடு, அதைத் தாண்டினா புல்வெளி, திரும்ப சோலைன்னு மாறி மாறி வரும், சோலைக்குள்ள நுழைஞ்ச உடனே உடம்பு ஜில்லுன்னு ஆகி கண்ணு பழக கொஞ்ச நேரம் ஆகும் பாருங்க, அந்த இடத்துல தயவுசெஞ்சு வேகமா நடக்காதீங்க, நில்லுங்க, காட்டுல பாதி காதாலதான் பாக்கணும். துங்கா, பத்ரா, நேத்ராவதி மூணு ஆறும் இந்த மலைத்தொடர்லதான் பொறக்குது. இங்க இரும்புத்தாது சுரங்கம் பல வருஷம் ஓடுச்சு, சுப்ரீம் கோர்ட் உத்தரவுல 2005 டிசம்பரோட நின்னது, பையனுக்கு இதையும் சொல்லுங்க, ஒரு காட்டை காப்பாத்த எவ்வளவு பேர் எவ்வளவு நாள் போராடணும்னு அவனுக்குத் தெரியணும்.

பர்மிட் முக்கியம். கர்நாடக வனத்துறை ஆரண்ய விஹாரா சைட்ல ஆன்லைன் புக்கிங் மட்டும்தான், ஒரு நாளைக்கு ஒரு ரூட்டுக்கு 300 பேர்னு கட்டுப்பாடு வெச்சிருக்காங்க. 2024 குடியரசு தின வீக்கெண்ட்ல இன்னொரு ட்ரெக் மலையான குமார பர்வதத்துல ஆயிரக்கணக்கான ஜனம் வரிசையில நின்ன போட்டோ எல்லாரும் பாத்திருப்பீங்க, அதுக்கப்புறம்தான் இந்த கெடுபிடி, எனக்கு அது ரொம்ப சரின்னு படுது. சனி ஞாயிறு சீக்கிரம் தீந்துரும், அதனால முதல்ல பர்மிட், அப்புறம் ரூம்.

ஞாயித்துக்கிழமை களசாவுல இருந்து நேஷனல் பார்க் ரோடு வழியா சிருங்கேரி, அங்கிருந்து ஆகும்பே ஒரு மணி நேரம் கூட ஆகாது. செக்போஸ்ட்ல டைம் போட்டு சீட்டு குடுப்பாங்க, நடுவுல வண்டிய நிறுத்தி சாப்பாடு பிரிக்கிற வேலை கூடாது.

ராஜநாகம் கதைக்கு வர்றேன். ஆகும்பேல பாம்பு ஆராய்ச்சியாளர் ரோமுலஸ் விட்டேக்கர் 2005ல ஆரம்பிச்ச மழைக்காடு ஆராய்ச்சி நிலையம் இருக்கு, அங்க ராஜநாகத்துக்கு ரேடியோ பொருத்தி அது எங்க போகுது என்ன திங்குதுன்னு பின்னாலயே போய் ஆராய்ச்சி பண்ணிருக்காங்க. அது டூரிஸ்ட் இடம் இல்ல, கேக்காம போய் கேட்ல நிக்காதீங்க. மழைக்கு முன்னால பொட்டை நாகம் சருகை உடம்பாலயே இழுத்து இழுத்துக் குவிச்சு கூடு கட்டி முட்டையிட்டு மேலயே சுருண்டு காவல் காக்கும், வேற எந்தப் பாம்பும் இப்படிக் கூடு கட்டாது. நவம்பர்ல நேர்ல பாக்குறது அதிர்ஷ்டம்தான். யாராவது காசு குடுங்க, ராஜநாகத்தை புடிச்சுக் காட்டுறேன்னு சொன்னா அங்கயே திரும்பிருங்க. அது வனவிலங்கு சட்டப்படி குத்தம், பாம்புக்கும் கொடுமை.

பொள்ளாச்சிக்காரி:

மலைநாட்டு அண்ணா சொன்னதுல ஒண்ணும் தப்பில்லீங்க, ஆனா எங்க ஊரை இப்படி ஒரே வரியில ஒதுக்கிட்டா எப்படிங்க. நான் இப்ப எச்எஸ்ஆர் லேஅவுட்ல இருக்கேன், அப்பா அம்மா பொள்ளாச்சியிலதான். பையன் பறவைப் பைத்தியம்னா அவனுக்கு வால்பாறைதான் காட்டணும். ராத்திரி ட்ரெயின் ஏறினா விடியக்காலைல கோயமுத்தூர், அங்கிருந்து பொள்ளாச்சி, ஆழியார், அப்புறம் 40 கொண்டை ஊசி வளைவு. ஒன்பதாவது வளைவு பக்கம் பாறை மேல வரையாடு நிக்கும், காலைல நேரத்தோட போனீங்கன்னா பக்கத்துலயே பாக்கலாம்ங்க.

மேல புதுத்தோட்டம் எஸ்டேட் பக்கம் சிங்கவால் குரங்கு, ஒலகத்துல மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேற எங்கயும் இல்லாத ஜாதி. தேயிலைக்கு நடுவுல துண்டு துண்டா மிஞ்சுன காட்டுல இருக்கறதால ரோட்டைத் தாண்டும்போது வண்டியில அடிபட்டுச் செத்துட்டிருந்துச்சுங்க, இப்ப ரோட்டுக்கு மேல மரத்துக்கு மரம் தொங்கு பாலம் கட்டி விட்டிருக்காங்க, குட்டியை வயித்துல கட்டிக்கிட்டு அது மேல வரிசையா போறதைப் பாக்கலாம். ஒரு பிஸ்கட் கூட போடாதீங்க, அதுக்குப் பழகினா ரோட்டுக்கே வந்து உக்காந்துக்கும்.

இருவாச்சிப் பறவை பத்தி சொல்லியே ஆகணும். பெரிய இருவாச்சி பறந்தா றெக்கைச் சத்தம் மட்டும் தூரத்துல கூட்ஸ் வண்டி வர்ற மாதிரி கேக்கும், அதுக்கப்புறம்தான் பறவையே தெரியும். ஜனவரியில இருந்து ஏப்ரல் வரைக்கும் கூடு வெக்கிற காலம், பொட்டை மரப்பொந்துக்குள்ள போய் வாசலை பூசி அடைச்சுக்கும், மூக்கு நீட்டற அளவுக்கு ஒரு கீறல் மட்டும் இருக்கும், ஆண் வந்து தொண்டையில இருந்து அத்திப்பழத்தை ஒவ்வொண்ணா கக்கி எடுத்து அந்தக் கீறல்ல ஊட்டிவிடும். எங்கப்பா தெர்மாஸ்ல டீ எடுத்துட்டுப் போய் தூரமா ஒரு திட்டுல உக்காந்து அதைப் பாத்துட்டே இருப்பாரு. ஆண் பறவைய யாராவது அடிச்சுட்டாலோ, ஆளைப் பாத்து அது வராம போனாலோ உள்ள இருக்கற தாயும் குஞ்சும் பட்டினிதான், அதனால கூடு இருக்கற மரத்துக்கு கீழ போய் நிக்கவே கூடாதுங்க.

யானையும் இருக்குங்க. யானை சுத்துவட்டாரத்துல இருந்தா எரியற மாதிரி சிவப்பு லைட் கம்பம் அங்கங்க நட்டிருக்காங்க, ஊர்க்காரங்க போன்லயே அதைப் போட்டு விடுவாங்க. லைட் எரியுதுன்னா அந்தப் பக்கம் நடக்கக் கூடாது, அவ்வளவுதான்.

ஹெப்பால்_ரைடர்:

ப்ரோ இவ்வளவு யோசிக்காதீங்க, மசினகுடி போங்க, ஆறு மணி நேரத்துல ரீச். நைட்டு பத்து மணிக்கு மேல லோக்கல் ஜீப்ல ஏறுனா யானை, காட்டெருமை, கரடி எல்லாம் காட்டுவாங்க, ட்ரெக்கிங்கும் அவங்களே கூட்டிட்டுப் போவாங்க, பர்மிட் தலைவலி இல்ல.

பொள்ளாச்சிக்காரி:

தம்பி, கோவிச்சுக்காதீங்க, இதை மட்டும் யாருக்கும் சொல்லாதீங்க. நீங்க சொல்ற மசினகுடிக்குப் போற வழியில பந்திப்பூர் காட்டுக்குள்ள ராத்திரி 9 மணியில இருந்து காலைல 6 மணி வரைக்கும் ரோட்டையே 2009ல இருந்து மூடி வெச்சிருக்காங்க, எதுக்கு? வண்டியில அடிபட்டு அவ்வளவு மிருகம் செத்துச்சு. காட்டு ஓரத்துல ராத்திரி ஜீப்ல லைட் அடிச்சு யானையை விரட்டுறது சட்டவிரோதம், குட்டியோட இருக்கற யானைன்னா உங்க உயிருக்கே உத்தரவாதம் இல்ல. அனுமதி இல்லாம மலை ஏறினா என்ன ஆகும்னு 2018ல குரங்கணியில பாத்தோம், காட்டுத்தீயில 23 பேர் போயிட்டாங்க, நெறைய பேர் சின்ன வயசுப் புள்ளைங்க. இப்ப தமிழ்நாட்டு வனத்துறையே 2024 அக்டோபர்ல ட்ரெக் தமிழ்நாடுன்னு ஆரம்பிச்சு 40 ரூட் திறந்து விட்டிருக்காங்க, மலைவாழ் இளைஞர்களே கைடா வர்றாங்க. அவங்களுக்குத் தெரிஞ்ச காடு வேற யாருக்குங்க தெரியும்? பொள்ளாச்சிக்கு மேல டாப்ஸ்லிப் பக்கம் பண்டாரவரை ரூட் இருக்கு, முறையா புக் பண்ணிப் போலாம்.

அல்சூர்_வாசி:

அக்கா, அண்ணா ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. படிக்கப் படிக்க ரெண்டுமே வேணும்னு தோணுது. மிஸஸுக்கு அட்டைன்னா பயம், ஆகும்பேல அட்டை மழையா கொட்டும்னு யாரோ சொல்லி வெச்சிருக்காங்க. குரங்கு காய்ச்சல்னும் ஒண்ணு சொல்றாங்க, அது உண்மையா? பையனை அவங்கம்மா கிட்ட பத்திரமா திருப்பி விடணும், அதான் கேக்குறேன்.

ஜெயநகர்_நர்ஸம்மா:

அட்டை பத்தி பயப்படவே வேண்டாம்மா. ஜூலை ஆகஸ்ட் அளவுக்கு நவம்பர் கடைசியில இருக்காது, ஆனா ஈரமான சோலைக்குள்ள கட்டாயம் இருக்கும். முட்டி வரைக்கும் வர்ற அட்டை சாக்ஸ் வாங்கி பேன்ட்டை அதுக்குள்ள சொருகுங்க. உப்பு, சுண்ணாம்பு, மூக்குப்பொடி எல்லாம் தடவுவாங்க, ஈரத்துல கரைஞ்சு போயிரும். கடிச்சிருந்தா பிடிச்சு இழுக்காம நகத்தை தோலோட ஒட்டி வெச்சு வாய் பக்கமா தள்ளி விடுங்க. ரத்தம் உறையாம இருக்க அது எச்சில்ல ஒரு பொருளை விடும், அதனால கொஞ்ச நேரம் ரத்தம் வழியும், சோப்பு போட்டுக் கழுவி துணி வெச்சு அழுத்துங்க, நின்னுரும்.

நீங்க யோசிக்க வேண்டியது உண்ணியைப் பத்தி. குரங்கு காய்ச்சல் நிஜம்தான், 1957ல ஷிமோகா ஜில்லா கியாசனூர் காட்டுலதான் முதல்ல கண்டுபிடிச்சாங்க, பேரே கியாசனூர் காட்டு நோய். உண்ணி கடிச்சுதான் பரவும், பனிக்காலம் ஆரம்பிச்சு மே வரைக்கும் அதோட சீசன், நீங்க போறது சீசன் தொடங்குற நேரம். முழுக்கை சட்டை, வெளிர் நிற பேன்ட், சருகு மேல உக்காரவோ படுக்கவோ கூடாது, ரூமுக்கு வந்ததும் துணியை மாத்தி வெந்நீர்ல குளிச்சு அக்குள், தொடை இடுக்கு, காது பின்னாடி எல்லாம் பாத்துருங்க. குரங்கு செத்துக் கிடந்தா கிட்டப் போகாம வனத்துறைக்கு சொல்லுங்க. திரும்பி வந்து ரெண்டு வாரத்துக்குள்ள திடீர்னு கடுமையான காய்ச்சல், தலைவலி, உடம்பு வலி வந்தா டாக்டர் கிட்ட முதல் வார்த்தையே மலைநாட்டுக் காட்டுக்குப் போயிட்டு வந்தோம்னு சொல்லுங்க, பையன் மதுரை போயிருப்பான், அவங்கம்மா கிட்டயும் இதைச் சொல்லி வெச்சிருங்க. சொல்லலேன்னா எல்லாரும் டெங்குன்னு நெனைச்சு அதையே பாத்துட்டிருப்பாங்க.

பாம்பு விஷயமும் சொல்லிடறேன், பையன் ஆர்வத்துல கிட்டப் போவான். நம்ம ஆஸ்பத்திரியில போடற விஷமுறிவு மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நாலுக்குத்தான். மழைக்காட்டுல நடைபாதை ஓரத்துல இடுப்பு உயரக் கிளையில ஒரு குழிவிரியன் இலைக்கு இலையா ஒட்டிக்கிட்டு அசையாம கிடக்கும், பச்சையும் இருக்கும், பழுப்பும் இருக்கும், அதுக்கு இந்த மருந்து கேக்காது. அதனால சறுக்கும்போது கண்ணை மூடிட்டு செடியைப் பிடிக்கக் கூடாது, ராத்திரி பாத்ரூம் போனாலும் டார்ச். கடி பட்டா கயிறு கட்டாதீங்க, கீறாதீங்க, கையோ காலோ அசையாம வெச்சு நேரா ஆஸ்பத்திரி.

அல்சூர்_வாசி:

முடிவு பண்ணியாச்சு. நவம்பர்ல மலைநாடு மட்டும், குதிரேமுக் ஒரு நாள், ஆகும்பேல ஒரு நாள் முழுசா சும்மா நடக்குறது. வால்பாறை பையனுக்கு ஏப்ரல்ல முழுப்பரீட்சை முடிஞ்ச கையோட, இருவாச்சி கூட்டை விட்டு வெளிய வர்றதுக்குள்ள. நர்ஸம்மா எழுதினதை அப்படியே அக்காவுக்கு அனுப்பிட்டேன். கடைசியா ஒண்ணு, ராத்திரி பூரா நானே கார் ஓட்டலாமா, இல்ல பஸ் நல்லதா?

மலைநாட்டு_மழை:

பஸ்ஸே நல்லது சார், மெஜஸ்டிக்ல இருந்து களசாவுக்கு ராத்திரி கேஎஸ்ஆர்டிசி இருக்கு, காலைல இறங்கி ஹோம்ஸ்டே ஜீப்ல போயிரலாம், களசா, சிருங்கேரி, ஆகும்பே எல்லாமே பஸ் ஓடுற ஊருதான். கார்தான்னா வியாழன் ராத்திரி வேண்டாம், வெள்ளி விடிகாலை நாலு மணிக்கு நெலமங்களாவைத் தாண்டிருங்க, மூடிகெரேலயே டேங்க் ஃபுல் பண்ணிக்கங்க, கொட்டிகெஹாராவுக்கு மேல பனிமூட்டத்துல வளைவு தெரியாது. பர்மிட் எடுக்கும்போது என்ன ஐடி குடுக்குறீங்களோ அதே ஒரிஜினல் கையில இருக்கணும், பையனோட ஆதாரை மதுரையில விட்டுட்டு வரப்போறான், இப்பவே போன் பண்ணிச் சொல்லிருங்க.