மரச்சில்லு எரிதல் மாதிரி: வாயு வெளியேறும் இடம் அளவீட்டோடு பொருந்தவில்லை

கேள்வி

நகரும் தட்டின் மேல் மரச்சில்லுகளை எரிக்கும் ஓர் உலைக்குக் கணினி மாதிரி உருவாக்கி வருகிறேன். உலர்தல், வெப்பச்சிதைவு (வெப்பத்தால் மரம் வாயுக்களாகவும் கரியாகவும் பிரிதல்), கரி எரிதல் ஆகிய மூன்றும் ஒன்று முடிந்தபின் அடுத்தது என்ற வரிசையில் நிகழ்வதாகவும், ஒவ்வொரு சில்லும் எந்தக் கணத்திலும் முழுவதும் ஒரே வெப்பநிலையில் இருப்பதாகவும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். சில்லின் தடிமன் ஏறத்தாழ 10 மி.மீ., ஈரப்பதம் 50 விழுக்காடு. மாதிரியில் சில்லுகள் குறுகிய ஓர் இடத்திலேயே வாயுக்கள் அனைத்தையும் வெளியிட்டுவிடுகின்றன. அளவீடுகளோ அந்த வெளியேற்றம் தட்டின் பெரும்பகுதிக்குப் பரவியிருப்பதைக் காட்டுகின்றன. சிதைவு வினையின் கிளர்வு ஆற்றலை (வினை நிகழக் கடக்க வேண்டிய ஆற்றல் தடையை) மாற்றிப் பார்த்தும் பெரிய வேறுபாடு இல்லை. வினைவேக மாறிலிகளை இன்னும் துல்லியமாகத் தேட வேண்டுமா, அல்லது குறை வேறிடத்தில் இருக்கிறதா?

முதல் பதில்

மாறிலிகளை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். ஒரே வெப்பநிலை என்ற எடுகோள் நிலக்கரித் தூளுக்குப் பொருந்தும். உங்கள் சில்லுக்குப் பொருந்தாது. இழைக்குக் குறுக்காக மரத்தின் வெப்பக் கடத்துதிறன் 0.15 வாட்/மீ·கெ. அளவில்தான் இருக்கும். கதிர்வீச்சையும் சேர்த்த வெப்பமாற்றக் கெழுவை 50 வாட்/மீ²·கெ. என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும், பாதித் தடிமனான 5 மி.மீ.க்குப் பயோட் எண் (பொருளுக்குள் வெப்பம் கடக்கும் தடைக்கும் மேற்பரப்பில் வெப்பம் சேரும் தடைக்கும் உள்ள விகிதம்) ஏறத்தாழ 1.7 வருகிறது. உள்ளே வெப்பநிலை வேறுபாட்டைப் புறக்கணிக்க அது 0.1க்குக் கீழே இருக்க வேண்டும்.

ஆகவே மேற்பரப்பு கரியாகிக்கொண்டிருக்கும்போதே நடுப்பகுதி ஈரத்தோடு 100 டிகிரி செல்சியசை ஒட்டி நிற்கும். உள்ளிருந்து வரும் நீராவி வெளிநோக்கிப் பாய்ந்து, உள்நுழையும் வெப்பத்தில் ஒரு பங்கைத் தானே வாங்கிக்கொள்வதோடு, ஆக்சிஜன் கரியை நெருங்குவதையும் தடுக்கிறது. மூன்று கட்டங்களும் ஒரே சில்லுக்குள் ஒரே நேரத்தில் நடப்பதால்தான் வாயு வெளியேற்றம் நீள்கிறது. சில்லை ஈர மரம், உலர்ந்த மரம், கரி, சாம்பல் என்று எல்லை நகரும் நான்கு அடுக்குகளாகப் பிரித்தால் போதும். உள்ளே நுண்ணிய வலைக்கண்ணி (கணக்கீட்டுக்காகச் சில்லைப் பல சிறு கூறுகளாகப் பிரிப்பது) அமைப்பது உங்கள் தேவைக்கு மிகை என்பது என் கருத்து.

இரண்டாம் பதில்

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். ஆனால் அடுக்குகளைப் பிரிப்பதற்கு முன் ஆற்றல் கணக்கைச் சரிபாருங்கள், ஏனெனில் இத்தகைய மாதிரிகளில் பிழை பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். முதலில், அந்த 50 விழுக்காடு ஈர எடையின் அடிப்படையிலா, உலர் எடையின் அடிப்படையிலா? ஈர எடையில் 50 என்பது உலர் எடையில் 100. உலர்ந்த மரத்தின் நிகர வெப்ப மதிப்பைக் (நீர் ஆவியாகவே வெளியேறும் எனக் கொண்டு, எரியும்போது கிடைக்கும் வெப்பத்தைக்) கிலோவுக்கு 18.5 மெகாஜூல் என்று கொண்டால், ஈர அடிப்படையில் 50 விழுக்காடு நீருள்ள சில்லுக்குப் பாதியான 9.25இலிருந்து அரைக் கிலோ நீரை ஆவியாக்கும் 1.22ஐக் கழித்து 8 மெகாஜூல் கிடைக்கும். இந்த 8ஐ உள்ளீடாகக் கொடுத்துவிட்டு, உலர்தல் சமன்பாட்டிலும் ஆவியாதல் வெப்பத்தைக் கழித்தால், ஒரே நீருக்கு இருமுறை விலை கொடுக்கிறீர்கள்.

வாயுக்களின் வெப்ப மதிப்பையும் தனியே ஊகிக்காதீர்கள். உலர்ந்த மரத்தில் 15 விழுக்காடு கரியாகிறது என்றால், கரியைத் தூய கார்பனாகக் கொண்டு கிலோவுக்கு 32.8 மெகாஜூல் வீதம் 4.9 மெகாஜூல் அதற்குப் போகும்; எஞ்சிய 13.6 மெகாஜூலை 0.85 கிலோ வாயுக்களுக்குப் பகிர்ந்தால் கிலோவுக்கு 16 வரும். சாம்பலின் பங்கு சிறியது என்பதால் அதை இங்கே விட்டுவிட்டேன்.

கேட்டவர்

என் ஈரப்பத அளவு ஈர எடையின் அடிப்படையிலானதுதான். அடுக்கு மாதிரியை எழுதத் தொடங்குகிறேன். படுகைக்கு (தட்டின் மேல் கிடக்கும் சில்லுக் குவியலுக்கு) மேலுள்ள வாயுப் பகுதியை வேறொரு மென்பொருளில் கணக்கிடுகிறேன். இரண்டையும் இணைக்கும்போது எதில் கவனம் தேவை?

மூன்றாம் பதில்

படுகை மாதிரி, தட்டின் நீளவாக்கில் வெளியேறும் வாயுவின் அளவு, வெப்பநிலை, சேர்மானம் ஆகியவற்றைத் தரட்டும். வாயுப் பகுதி, படுகையின் மேல் விழும் கதிர்வீச்சைத் திருப்பித் தரட்டும். அந்தக் கதிர்வீச்சுப் பரவல் மாறாமல் நிற்கும் வரை இரண்டையும் மாறி மாறி ஓட்டுங்கள். படுகை தீப்பற்றும் இடத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இதுவே என்பதால், முழுத் தட்டுக்கும் ஒரே சராசரியைக் கொடுத்தால் அடுக்கு மாதிரிக்காக நீங்கள் செலவிடும் உழைப்பு வீணாகும்.

முதன்மைக் காற்று (தட்டின் கீழிருந்து படுகைக்குள் வரும் காற்று) முழு எரிதலுக்குப் போதாத அளவில்தான் செலுத்தப்படும்; உலர்ந்த மரம் கிலோ ஒன்றுக்கு 6 கிலோ அளவில் காற்று கேட்கும். ஆகவே படுகையிலிருந்து கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன், மீத்தேன், தார் ஆவி எல்லாம் எரியாமலே மேலெழும். தாரை மீத்தேனாகவே கருதிவிடும் எளிமைப்படுத்தலை நான் பரிந்துரைக்க மாட்டேன். வெப்ப மதிப்பு, தேவைப்படும் ஆக்சிஜன் இரண்டுமே விலகிவிடும்.

முழு உலையின் அளவீட்டோடு ஒப்பிடுமுன் ஒற்றைச் சில்லைச் சோதியுங்கள். சூடான காற்றோட்டத்தில் ஒரு சில்லை வைத்து, எடைக் குறைவையும் நடுப்புள்ளி வெப்பநிலையையும் பதிவு செய்தால் போதும். நடுப்புள்ளி 100 டிகிரியை ஒட்டித் தங்கும் நேரத்தை உங்கள் மாதிரி சரியாகக் காட்டவில்லை எனில், கிளர்வு ஆற்றலைத் தொட்டுப் பயனில்லை.