மனோரி மணலில் முன் சக்கரம் புதைகிறது, பின் டியூப் வால்வு அடியில் கிழிகிறது: உதவி தேவை

கடலோரம்_மலாட்:

வணக்கம். மும்பை மலாடில் இருக்கிறேன். ஃபேட் டயர் சைக்கிள் வாங்கி இரண்டு மாதம் ஆகிறது. 26 x 4 அங்குல டயர், இரும்புச் சட்டம், ஏழு கியர், கேபிள் இழுக்கும் டிஸ்க் பிரேக். சைக்கிள் 18 கிலோ, நான் 66 கிலோ. ஞாயிறு விடியலில் மார்வே துறையில் சைக்கிளோடு படகேறி மனோரியில் இறங்கி, கரையோரமாகவே கோராய் பக்கம் ஓட்டுவேன். ஆறரை மணிக்கெல்லாம் மணலில் இருப்பேன்.

பிரச்சினை இரண்டு. ஒன்று, ஒரு வாரம் தார்ச்சாலை போல வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. மறுவாரம் அதே இடத்தில் முன் சக்கரம் புதைந்து ஹேண்டிலைப் பக்கவாட்டில் திருப்பிவிடுகிறது. முக்கால்வாசித் தூரம் இறங்கித் தள்ளுகிறேன். சைக்கிளும் அதே, நானும் அதே. இரண்டாவது, பின் டியூப் இரண்டு முறை வால்வின் வேரிலேயே கிழிந்துவிட்டது. முள் இல்லை, ஆணி இல்லை. வேரில் பஞ்சர் ஒட்டவும் முடியாது என்கிறார்கள். போன ஞாயிறு மனோரியிலிருந்து படகுத்துறை வரை உருட்டிக்கொண்டே வந்தேன். இந்தச் சைக்கிளை விட மனம் வரவில்லை. யாராவது வழி சொல்லுங்கள்.

செம்பூர்_பட்டறை:

அம்மா, காற்றை எதை வைத்து அளக்கிறீர்கள்? கிழிவதற்கு முன்னால் வால்வு நேராக நின்றதா, சாய்ந்திருந்ததா? இந்த இரண்டையும் முதலில் சொல்லுங்கள்.

கடலோரம்_மலாட்:

அளப்பதில்லை அண்ணா. வாங்கிய கடையில் காற்றழுத்தம் 30 பி.எஸ்.ஐ. வரும் வரை அடித்துத் தந்தார்கள், கல் மாதிரி இருந்தது. மணலுக்குக் குறைக்க வேண்டும் என்று கேள்விப்பட்டு, கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்கும் வரை காற்றை விடுகிறேன். கழற்றிப் போட்ட டியூபை இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். வால்வின் ஒரு பக்கம் ரப்பர் இழுபட்டு வெளுத்திருக்கிறது, கிழிசலும் அந்தப் பக்கம்தான். சைக்கிளில் இருந்தபோது சாய்ந்துதான் இருந்தது. ரிம்மில் துளை போட்டதே கோணல் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

செம்பூர்_பட்டறை:

அப்படியானால் வால்வு விஷயம் தெளிவு. டயரை ரிம்மோடு பிடித்து வைப்பது உள்ளே இருக்கும் காற்றுதான். காற்று மிகவும் குறைந்தால் அந்தப் பிடி தளர்ந்துவிடும். மணலில் தாழ்ந்த கியரில் ஓங்கி மிதிக்கும்போது ரிம் கொஞ்சம் சுற்றிவிடும், டயர் அங்கேயே நிற்கும். டியூப் டயரோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். வால்வோ ரிம்மின் துளைக்குள் மாட்டியிருக்கிறது. ஒவ்வொரு மிதிக்கும் ஒரு நூல் அளவு நகர்ந்தால்கூட நாலு கிலோமீட்டரில் வால்வு படுத்துவிடும், அப்புறம் வேரில் பிய்யும்.

கட்டைவிரல் கணக்கு இந்த டயரில் எடுபடாது. 4 பி.எஸ்.ஐ.க்கும் 8க்கும் விரலுக்கு வித்தியாசம் தெரியாது, ஓட்டத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். 160 வரை எண் போட்ட பம்ப் மீட்டரிலும் பார்க்காதீர்கள்; அதில் 5க்கும் 10க்கும் நடுவே முள்ளின் பருமன்தான் இடைவெளி. 15 அல்லது 30 வரை மட்டும் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று வாங்கிப் பையில் போடுங்கள்.

உங்கள் எடைக்கு மணலில் முன்னால் 6 அல்லது 7, பின்னால் 8 வைத்துத் தொடங்குங்கள். தார்ச்சாலைக்கு 15க்கு மேல் ஏற்றிக்கொள்ளுங்கள். டியூப் உள்ளே போகும் முன் முகப்பவுடர் தூவித் தடவுங்கள், ரப்பர் ரப்பரோடு ஒட்டாது. டயரையும் ரிம்மையும் சேர்த்து வெள்ளைப் பெயிண்டால் ஒரே கோடாக ஒரு குறி போடுங்கள். அந்தக் கோடு இரண்டாகப் பிரிந்து ஒரு விரற்கடை விலகினால், காற்றை முழுக்க விட்டு டயரைத் திருப்பி நேராக்க வேண்டும். வால்வில் நட்டு இருந்தால் இறுக்க வேண்டாம், இறுக்கினால் சாய்வது கண்ணுக்கே தெரியாமல் போகும்.

தாணே_மேட்டுப்பாதை:

நான் தாணேயில் யேவூர் மேட்டுப் பக்கம் 4 பி.எஸ்.ஐ.யில்தான் ஓட்டுகிறேன், ஒன்றும் ஆகவில்லை. இவ்வளவு அளவெல்லாம் தேவையா?

செம்பூர்_பட்டறை:

தம்பி, டியூபைக் கழற்றிவிட்டு, ஓட்டையை அடைக்கும் சீலன்ட் திரவத்தை டயருக்குள் ஊற்றி ஓட்டுகிறீர்களா? அப்படியானால் கிழிய டியூபே இல்லை. டியூபோடு 4 வைத்து யேவூர்க் கல்லில் இறங்கினால் ரிம் கல்லில் மோதி, நடுவில் மாட்டும் டியூபில் பாம்பு கடித்த மாதிரி இரண்டு ஓட்டை விழும். கல், வேர், காய்ந்த செம்மண் பாதைக்கு 10, 12 வையுங்கள். மணலையும் கல் பாதையையும் ஒரே காற்றில் ஓட்ட முடியாது.

தேரிக்காட்டுப்_பிள்ளை:

தாராவியிலிருந்து எழுதுகிறேன், ஊர் திருச்செந்தூர்ப் பக்கம். குதிரைமொழித் தேரியின் செம்மணலில் அப்பாவின் கறுப்புச் சைக்கிளை உருட்டியே வளர்ந்தவன், அதனால் மணல் என்றால் சும்மா இருக்க முடியவில்லை.

அக்கா, அண்ணாச்சி சொன்ன காற்றுக் கணக்கு நூற்றுக்கு நூறு. டயர் தரையில் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்பதைத் தோராயமாக எடையைக் காற்றழுத்தத்தால் வகுத்தே பார்த்துவிடலாம். உங்களுக்கும் சைக்கிளுக்கும் சேர்த்து 84 கிலோ. 20 பி.எஸ்.ஐ.யில் இரண்டு டயரும் சேர்ந்து சுமார் 60 சதுர சென்டிமீட்டர் தொடும். 8இல் சுமார் 150. அகல டயர் வாங்கிவிட்டுக் காற்றைக் குறைக்காமல் ஓட்டினால் வாங்கிய பயனே இல்லை. இந்த டயரின் பிறப்பே அப்படித்தான்: அலாஸ்காவின் பனிப்பாதைக்கும் பாலை மணலுக்கும் ஆட்கள் கையால் அகல ரிம் செய்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். 2005இல் சர்லி என்ற சைக்கிள் நிறுவனம் 3.7 அங்குல டயரோடு பக்ஸ்லி என்ற சைக்கிளை விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகுதான் கடையில் கிடைத்தது.

ஓட்டும் விதம்: ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்காதீர்கள். இருக்கையில் கொஞ்சம் பின்தள்ளி உட்காருங்கள், முன் சக்கரத்தின் பாரம் குறையும். எழுந்து நின்று மிதிக்க வேண்டாம். பொத்துப்பொத்தென்று அமுக்காமல் ஒரே சீராகச் சுற்றுங்கள். திரும்ப வேண்டுமானால் ஹேண்டிலைத் திருப்பாமல் இடுப்பைச் சாய்த்து, அகலமாக வளையுங்கள்.

ஆனால் "ஒரு வாரம் ஓடுகிறது, மறுவாரம் புதைகிறது" என்றீர்களே, அது காற்றால் மட்டும் வருவதில்லை. வீட்டில் தினசரிக் காலண்டர் இருக்கிறதா? நன்றாக ஓடிய ஞாயிறுகளில் என்ன திதி என்று பார்த்துச் சொல்லுங்கள்.

கடலோரம்_மலாட்:

பார்த்தேன். கை நடுங்கிவிட்டது தம்பி. ஓடிய ஞாயிறெல்லாம் அமாவாசை, பௌர்ணமி, அதற்கு முன்பின் ஒரு நாள். தள்ளிய ஞாயிறெல்லாம் சப்தமி, அஷ்டமி!

தேரிக்காட்டுப்_பிள்ளை:

அதுதான் அக்கா. மும்பையில் அமாவாசை, பௌர்ணமி அன்று நீர் முழுக்க வடிவது ஏறத்தாழ காலை ஆறு மணிக்கு. நண்பகலில் ஏறி நிற்கும். ஏறுவதற்கும் வடிவதற்கும் இடையே மூன்றரை மீட்டருக்கு மேல் வித்தியாசம், அதனால் விடியலில் ஈரமணல் மைதானம் மாதிரி விரிந்துகிடக்கும். ஈரமணலில் நீர் மணிகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும், சக்கரத்தைத் தாங்கும். இந்த நேரம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிக்கொண்டே போய், அஷ்டமியன்று எல்லாம் தலைகீழ்: காலை ஆறு, ஏழுக்கு நீர் ஏறி நிற்கும், வடிவது நண்பகல் கடந்துதான். நீங்கள் ஓட்டிய ஈரமணல் அப்போது தண்ணீருக்கடியில். உங்களுக்கு மிஞ்சியது மேல்கரையின் காய்ந்த பொடிமணல். அது எங்கள் தேரிக்குத் தம்பி.

கிளம்பும் முன் அன்றைய நீர் அட்டவணை பார்த்து, முழுக்க வடிவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் மணலில் இறங்குங்கள். நீர் ஏறத் தொடங்கினால் திரும்பிவிடுங்கள், பாறை முனைகளைச் சுற்றிப் போகவே வேண்டாம். மழைக்காலத்தில் அந்தக் கரைக்கே போகாதீர்கள். இன்னொன்று, மேல்கரையில் அடப்பங்கொடி படர்ந்திருந்தால் அதன் மேல் சக்கரம் ஏற்றாதீர்கள். மணலைக் காற்றில் பறக்காமல் பிடித்துவைப்பது அந்தக் கொடிதான்.

செம்பூர்_பட்டறை:

திதியை எனக்குத் தோன்றவே இல்லை, நல்ல யோசனை தம்பி. அம்மா, உப்பையும் மறக்காதீர்கள். வீடு வந்ததும் நல்ல தண்ணீரை வாளியில் மோந்து ஊற்றிக் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸ் பீச்சு வேண்டாம், பெடல் அச்சுக்குள்ளும் சக்கர அச்சுக்குள்ளும் உப்புத்தண்ணீர் ஏறும். துடைத்துக் காயவைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, மிச்சத்தைத் துணியால் துடைத்துவிடுங்கள். எண்ணெய் வழிய விட்டால் மணல் அதில் ஒட்டிப் பல்லைத் தின்னும். டிஸ்க்கில் ஒரு சொட்டு எண்ணெய்கூடப் படக்கூடாது.

கடலோரம்_மலாட்:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். மீட்டர் வாங்கிவிட்டேன். பழைய கட்டைவிரல் கணக்கில் காற்று விட்டு அளந்து பார்த்தால் பின்னால் 3 காட்டியது! நேற்று திரயோதசி. விடிவதற்கு முன்னாலேயே நீர் வடிந்துவிடும் என்பதால், கரைக்குப் பக்கத்திலேயே இருக்கும் தோழியின் வீட்டில் தங்கி, ஐந்தரை மணிக்கு இருட்டில் விளக்கோடு மணலில் இறங்கினேன். முன்னால் 7, பின்னால் 8. ஈரமணலில் ஒரு முறையும் இறங்கவில்லை. திரும்பும்போது காய்ந்த மணலில் வேண்டுமென்றே ஏறினேன். முன் சக்கரம் அலைந்தது, பிடியைத் தளர்த்தியதும் அதுவாகவே நேரானது. ஐம்பதடி தூரம் மிதித்தே கடந்தேன். தள்ளாமல் கடந்த முதல் ஐம்பதடி அது.

வெள்ளைக்கோடு அரை விரல்தான் நகர்ந்திருக்கிறது, வால்வு நேராக நிற்கிறது. மார்வே வந்து 15க்கு ஏற்றத்தான் கை விட்டுப்போயிற்று. இரண்டு அங்குல டயரைவிட நான்கு மடங்கு காற்று பிடிக்கிறது. கைப்பம்பில் அடித்து மாளவில்லை. பெடல் சுற்றும்போது கறக் கறக் என்று ஒரு சத்தம் வருகிறது, இடதுகால் கீழே போகும்போது மட்டும்.

செம்பூர்_பட்டறை:

இடது பெடலைக் கழற்றி, மரையில் மணல் இருந்தால் துடைத்து, கிரீஸ் தடவி மாட்டுங்கள். இடது பெடல் மட்டும் வலப்பக்கம் திருகினால்தான் கழலும், நினைவிருக்கட்டும். அதற்குப் பிறகும் சத்தம் வந்தால் நடு அச்சுதான், சைக்கிளைக் கொண்டுவாருங்கள், பார்க்கலாம். காற்றடிக்கக் காலால் மிதித்து நிற்கும் பெரிய பம்பே சரி, படகுத்துறைப் பக்கம் தெரிந்த கடையில் ஒன்று கொடுத்துவையுங்கள்.

தேரிக்காட்டுப்_பிள்ளை:

அடுத்த ஞாயிறு பஞ்சமி அக்கா. பத்து மணிவாக்கில் வடியும். எட்டரைக்கு மார்வேயில் நிற்கிறேன், பம்ப் நான் கொண்டுவருகிறேன். வெயிலுக்குத் தொப்பியும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள்.